1.7 கிலோ நாற்காலியும் நம்மூர் ரோத்தான் பின்னலும்

இருக்கை ஓட்டை விழுந்த பிரம்பு நாற்காலியை நம் பக்கத்தில் யாரும் எறிவதில்லை. ஆறு மில்லிமீட்டர் பிளைவுட்டை வெட்டி, நாலு மூலையிலும் ஆணி அடித்து, மறுபடியும் அஞ்சடி நடைபாதையில் போட்டுவிடுவார்கள். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புறப் பட்டணத்தில் இப்படி ஒட்டுப்போட்ட நாற்காலிகள் கோயில் சாமான் அறையிலும், பழைய கிராணி வீட்டிலும், கோப்பிக் கடைப் பின்கட்டிலும் கிடக்கும்.

அந்த ஒட்டு இரண்டு கெடுதல் செய்கிறது. ஆணி இறங்குவது பின்னலுக்காகத் துளை போட்ட சட்டத்தில். துளைக்கும் துளைக்கும் நடுவே மிஞ்சியிருப்பது ஒரு சென்டிமீட்டர் சொச்சம் மரம்தான். ஆணி அந்த இடத்தைத் துளைக்குத் துளை பிளந்துகொண்டு போகும். பிறகு யார் பின்ன நினைத்தாலும் சட்டம் தாங்காது. இன்னொன்று எடை. 40 சென்டிமீட்டர் சதுர பிளைவுட் மட்டுமே அரைக் கிலோவைத் தாண்டும்.

அரைக் கிலோ என்ன பெரிசு என்று கேட்கலாம். மிலான் நகரத்தில் ஒருவர் ஒரு முழு நாற்காலியையே, கால், சாய்மானம், இருக்கை எல்லாம் சேர்த்து, 1.7 கிலோவில் முடித்தார். ஜியோ பொன்ட்டி. (எழுதுவது ‘ஜியோ’, ஆனால் இத்தாலிக்காரர் வாயில் அது ‘ஜோ’ என்றுதான் வரும்.) 1957இல் கசீனா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த அந்த 699ஆம் எண் நாற்காலிக்கு ‘சூப்பர்லெஜ்ஜேரா’ என்று பெயர், மிக லேசானது என்று பொருள். ஒரு சிறுவன் அதை ஒற்றை விரலால் தூக்கி நிற்பதுதான் அதன் விளம்பரப் படம். அதன் இருக்கை பிரம்புப் பின்னல்.

நம் வீட்டு நாற்காலியைச் சரியாகப் பின்ன, அந்த நாற்காலி ஏன் உடையவில்லை என்று தெரிந்துகொள்வது உதவும்.

மரத்தைக் குறைத்தவர்

பொன்ட்டி 1891 நவம்பர் 18இல் மிலானில் பிறந்தவர். முதல் உலகப் போரில் பணிபுரிந்து திரும்பி, 1921இல் மிலான் பாலிடெக்னிக்கில் கட்டடக் கலைப் பட்டம் பெற்றபோது வயது முப்பதை நெருங்கிவிட்டது. பெயர் வாங்கித் தந்தது முதலில் கட்டடம் அல்ல, பீங்கான். 1923 முதல் ரிச்சர்ட்-ஜினோரி பீங்கான் ஆலையின் கலை இயக்குநராக இருந்தார். 1925 பாரிஸ் கண்காட்சியில் அந்த வேலைக்குப் பெரும் பரிசு கிடைத்தது. 1928இல் ‘தோமுஸ்’ என்ற மாத இதழைத் தொடங்கி, நடுவில் சில ஆண்டுகள் விலகியது போக, 1979 செப்டம்பர் 16இல் இறக்கும்வரை அதை நடத்தினார். காப்பி இயந்திரம், கத்தி கரண்டி, விளக்கு, கழிவறைத் தொட்டி, தேவாலயம் என்று எதையும் தன் வேலை இல்லை என்று ஒதுக்கியதில்லை.

நமக்கு வேண்டியது 1950களின் நடுப்பகுதி. மிலானின் 127 மீட்டர் பிரெல்லி கோபுரத்தையும் இந்த நாற்காலியையும் அவர் ஒரே காலத்தில் கையில் வைத்திருந்தார். கோபுரத்தின் கட்டமைப்பைப் பியர் லூயிஜி நெர்வி, அர்த்தூரோ தனூசோ ஆகிய பொறியாளர்கள் கணக்கிட்டார்கள். அதன் கான்கிரீட் தாங்கிகள் மேலே போகப் போக மெலியும். சுமை குறையும் இடத்தில் பொருளும் குறைகிறது. நாற்காலியிலும் அதே கணக்குத்தான், அளவு மட்டும் மில்லிமீட்டர்.

அடிப்படை வடிவம் பொன்ட்டி கண்டுபிடித்ததில்லை. இத்தாலியின் லிகூரியாக் கரையில் கியாவரி என்ற ஊர். அங்கே ஜுசெப்பே கயெத்தானோ தெஸ்கால்ட்ஸி என்ற தச்சர் 1807இல் செய்த மெல்லிய நாற்காலியின் வழியில் அந்த ஊரே பரம்பரையாக நாற்காலி செய்துவந்தது. பொன்ட்டி அதை எடுத்து, 1950களின் தொடக்கத்தில் ‘லெஜ்ஜேரா’ என்று ஒன்று செய்தார். திருப்தி வரவில்லை. மறுபடி மறுபடி செதுக்கி, கால்களை 18 மில்லிமீட்டர் முக்கோணக் குறுக்குவெட்டுக்குக் கொண்டுவந்தார். மரம் ஆஷ்.

முக்கோணம் எவ்வளவு மிச்சம் பிடிக்கிறது என்பதைப் பென்சிலால் போட்டுப் பாருங்கள். பக்கம் 18 மி.மீ. உள்ள சதுரக் கம்பின் குறுக்குவெட்டு 324 சதுர மி.மீ. அதே விட்டமுள்ள உருண்டைக் கம்பு சுமார் 254. பக்கம் 18 உள்ள சமபக்க முக்கோணம் சுமார் 140. சதுரத்தில் பாதிக்கும் குறைவு. கண்ணுக்கு விளிம்பு மட்டும் தெரிவதால் கால் இன்னும் ஒல்லியாகப் படும்.

இவ்வளவு மெலிந்த சட்டம் நிற்பதற்குக் காரணம் இரண்டு. மூட்டுகள் துல்லியமாகக் கடிக்கின்றன. இருக்கை விசையை ஓர் இடத்தில் குவிக்காமல் நாலு சட்டத்துக்கும் பங்கு போடுகிறது. நான்காம் மாடியிலிருந்து எறிந்து பார்த்தபோது நாற்காலி பந்துபோல எகிறியதாம், உடையவில்லையாம். பொன்ட்டி பெயரோடு ஒட்டிக்கொண்ட கதை இது. உங்கள் நாற்காலியில் செய்து பார்க்க வேண்டாம்.

பின்னுகிறவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: பின்னல் சட்டத்தின்மேல் விரித்த துணி இல்லை, சட்டத்தை இழுத்து நிறுத்தும் உறுப்பு. அதிகம் இறுக்கினால் சட்டத்தை உள்ளே வளைக்கும், தளர்த்திவிட்டால் உட்காருகிறவர் எடை நடுவில் குழியாகி இழைகளை அறுக்கும்.

எந்தப் பிரம்பு

இத்தாலியில் பிரம்புக்கு ‘கன்னா திந்தியா’ என்று பெயர், அதாவது இந்திய நாணல். பெயர்தான் இந்தியா, உலகச் சந்தையின் நல்ல பிரம்பு பெரும்பாலும் நம் தென்கிழக்காசியக் காடுகளிலிருந்து போவது. ரோத்தான் என்பது பிரம்புக்கு மலாய்ப் பெயர். ரோத்தான் மானாவ் தடிப்பானது, நாற்காலிச் சட்டத்துக்கு. ரோத்தான் செகா மெல்லியது, பளபளப்பான தோல் உடையது, இருக்கை பின்னுவதற்கு முதல் தரம்.

பின்னுவதற்கு வேண்டியது பிரம்பின் வெளித் தோலைச் சீராகச் சீவிய நாடா. ரோத்தான் சாமான் செய்கிறவர்களிடம் ‘கூலிட் ரோத்தான்’ என்று கேளுங்கள். தோல் போன உள்தண்டை உருட்டி எடுத்த வெள்ளைக் கம்பியைத் தந்தால் வாங்காதீர்கள், அது கூடைக்கு. பிளாஸ்டிக் நாடாவும் உதவாது. அது ஈரத்தில் நீளாது, காயும்போது சுருங்காது. பின்னல் விறைப்பாக நிற்பதே அந்தச் சுருக்கத்தால்தான்.

அகலத்தைத் துளை இடைவெளி முடிவு செய்யும். ஒரு துளையின் நடுவிலிருந்து பத்தாவது இடைவெளியின் முடிவுவரை அளந்து பத்தால் வகுங்கள். 10 மி.மீ. வந்தால் நாடா 2 மி.மீ.; 13 வந்தால் 2.25; 16 வந்தால் 2.5; 19 வந்தால் 3; 22க்கு 3.5. நம் பக்கத்துப் பழைய நாற்காலிகளுக்கு 2.5தான் அதிகம் பொருந்தும். ஓர் அளவு பெரியதை வாங்கினால் பின்னலின் ஏழு அடுக்கில் நாலாவதிலேயே துளை அடைத்துக்கொண்டு, அதன்பின் மூலைவிட்டமாகப் போடும் குறுக்கு இழைக்கு வழி இருக்காது. சிறியதை வாங்கினால் கண் பெரிதாகிப் பின்னல் கொசுவலைபோல ஆடும்.

ஓரடிக்கு ஓரடி இருக்கைக்குச் சுமார் 250 அடி நாடா போகும். ஓரம் கட்ட 4 அல்லது 5 மி.மீ. அகல நாடா, இருக்கையின் சுற்றளவுக்கு மேல் ஒரு முழம் கூடுதலாக. முளைக்குச்சி குறைந்தது இருபது வேண்டும்: சாப்ஸ்டிக்கை இரண்டங்குலமாக நறுக்கி நுனியைச் சீவினால் போதும். குத்தூசி ஒன்று, பக்கவெட்டு பிளையர், தண்ணீர் தெளிக்கும் புட்டி, ஓர் ஈரத்துண்டு.

பின்னுவதற்கு முன் சட்டம்

அவசரப்படுகிறவர்கள் கெடுவது இங்கேதான். பழைய பின்னலை உள்விளிம்பை ஒட்டி வெட்டி, ஒரே துண்டாக எடுத்து வையுங்கள். பின்னும்போது எந்தத் துளையில் எத்தனை இழை என்று அதுதான் சொல்லும். பிறகு துளைகளில் சிக்கிய மிச்சத்தைக் கீழிருந்து மேலே குத்தித் தள்ளுங்கள். மேலிருந்து தள்ளினால் பழைய முளை கீழ்ப்பக்க மரத்தைப் பிய்த்துக்கொண்டு வரும். வராத முளையை, துளையைவிட ஒரு மி.மீ. சிறிய டிரில் கம்பியால் துளைத்து எடுக்கலாம்.

இருக்கைக்குக் கீழே பக்கவாட்டில் துளையே இல்லாமல், மேலே சுற்றிலும் ஒரு பள்ளக் கோடு மட்டும் இருந்தால், அது தயார் பின்னல் தாளைச் செருகும் வகை. அதற்கு இந்த வேலை இல்லை; தாளை ஊறவைத்து, பள்ளத்தில் மரச் சுத்தியால் அழுத்தி, பசை தடவிய பிரம்புக் கம்பியை மேலே அடித்தால் முடிந்தது.

நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் முதலில் மூட்டு. கழற்றி, பழைய பசையை மரம் தெரியும்வரை சுரண்டுங்கள், ஏனென்றால் வெள்ளைப் பசை பழைய பசையின்மேல் ஒட்டாது. பசை வைத்து மூட்டியபின் கால்களைச் சுற்றி ஒரு கயிறு கட்டி, நடுவில் குச்சி செருகித் திருகினால் நல்ல இறுக்கம் கிடைக்கும். இறுக்கிய கையோடு இருக்கையின் மூலைவிட்டம் இரண்டையும் அளந்து பாருங்கள்; பின் இடதிலிருந்து முன் வலது, பின் வலதிலிருந்து முன் இடது. இரண்டும் ஒன்றாக வரவேண்டும். ஓர் இரவும் பகலும் விடுங்கள். ஆடும் சட்டத்தில் பின்னினால் காயும் பின்னல் சட்டத்தைக் கோணலாகவே பிடித்துக்கொள்ளும்.

கீழே மாவுபோலத் தூள் கொட்டிக் கிடந்தால் வண்டு. நம்மூர் கித்தா (ரப்பர்) மரத்துக்கு இது பிறவி வியாதி, மரத்தில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில வாரத்திலேயே நீலம் பாய்ந்து, வண்டும் ஏறும். அதனால்தான் அறுத்த கையோடு போரான் மருந்தேற்றி, சூளையில் காயவைத்து விற்கிறார்கள். உடைந்த சட்டத்துக்கு மாற்று அறுக்கும்போது மருந்தேற்றிய பலகையையே கேளுங்கள். வார்னிஷுக்கு மேலே போராக்ஸ் கரைசல் பூசுவது வீண் வேலை, உள்ளே இறங்காது. புதுச் சட்டத்துக்கு ரேகை நேராக ஓடும் துண்டைத் தேர்ந்தெடுங்கள். ரேகை சரிந்து ஓடினால் துளை வரிசை வழியே பிளக்கும். பொன்ட்டி மாதிரி மெலிக்க வேண்டும் என்ற ஆசையை இந்தச் சட்டத்தில் காட்டாதீர்கள். பழைய சட்டத்தின் அதே கனம், அதே துளை இடைவெளி, துளையின் மேல்விளிம்பை உப்புத்தாளால் மழுக்கிவிட வேண்டும். கூரான விளிம்பு இழையை ஒரே வருஷத்தில் அறுத்துவிடும்.

ஊறவைப்பது

வெதுவெதுப்பான தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம். ஒரு நேரத்தில் மூன்று நாலு இழை மட்டும் போடுங்கள். எடுத்ததை ஈரத்துண்டில் சுற்றி வைக்கலாம். காலையில் போட்டுவிட்டு மத்தியானம் எடுத்தால் நாடா சாம்பல் நிறமாகும், நார் நாராகப் பிரியும்.

நாடாவுக்கு மேல் கீழ் உண்டு, பளபளப்பான பக்கம் மேலே. தலை வால்கூட உண்டு: விரலுக்கிடையே உருவிப் பாருங்கள், ஒரு திசையில் கணு வழுக்கும், மறுதிசையில் தட்டும். வழுக்கும் திசையில்தான் இழுக்க வேண்டும். எதிர்த் திசையில் இழுத்தால் ஒவ்வொரு கணுவும் பக்கத்து இழையைச் செதுக்கும்.

ஏழு அடுக்கு

நெசவில் பாவும் ஊடையும் என்போமே, அதே கணக்கு, இரண்டு தடவை. பிறகு மூலைவிட்டமாக இரண்டு, கடைசியில் ஓரம்.

முதல் அடுக்கு முன்னும் பின்னுமாக ஓடும் பாவு. பின்சட்டத்தின் நடுத்துளையையும் முன்சட்டத்தின் நடுத்துளையையும் எண்ணிக் கண்டுபிடித்துக் குறியிடுங்கள். ஒரு நாடாவின் பாதியைப் பின் நடுத்துளையில் இறக்கி முளை அடியுங்கள். அந்தப் பாதி பிறகு மறுபக்கத்துக்குப் பயன்படும். மேல் பாதி முன் நடுத்துளைக்குப் போகட்டும், கீழே இறங்கட்டும், அடுத்த துளையில் ஏறிப் பின்னுக்கு வரட்டும். ஒவ்வொரு துளையிலும் முளையை மாற்றிக்கொண்டே போங்கள். மூலைத் துளை நாலையும் இப்போது தொடக்கூடாது.

இந்த அடுக்கை அதிகம் இறுக்கக் கூடாது. நடுவில் விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் இறங்க வேண்டும். இன்னும் ஐந்து அடுக்கு இதற்குள் நுழையப்போகிறது. ஒவ்வொன்றும் இதை இறுக்கும், காய்ந்தால் இன்னும் இறுகும். முதல் நாளே வீணைத் தந்திபோல இழுத்தவர், நாலாம் அடுக்கில் இழை அறுவதைப் பார்ப்பார்.

முன்பக்கம் அகலமாகவும் பின்பக்கம் குறுகலாகவும் இருக்கும் இருக்கைதான் அதிகம். பின் துளைகள் தீர்ந்ததும் முன்னால் இன்னும் சில துளை மிஞ்சும். அங்கிருந்து வரும் இழையைப் பக்கச் சட்டத்தில், எந்தத் துளையில் விட்டால் மற்ற இழைகளுக்கு இணையாக நிற்குமோ அதில் விடுங்கள். இடது பக்கம் எந்தத் துளையோ வலது பக்கமும் அதுவே. ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள், மூன்றாம் அடுக்கில் அதே துளைகள் வேண்டும்.

இரண்டாம் அடுக்கு இடம் வலமாக, முதலாவதின் மேல் சும்மா படுக்கும். பின்னல் எதுவும் இல்லை.

மூன்றாம் அடுக்கு மறுபடி முன்னும் பின்னும், முதல் அடுக்கின் அதே துளைகளில், எல்லாவற்றுக்கும் மேலே. முதல் இழைக்கு வலப்புறம் ஒட்டி நிற்கட்டும். ஒரு துளை தள்ளித் தொடங்கினால், சட்டத்தின் அடியில் முதல் அடுக்கு விட்ட காலி இடைவெளிகளில் இந்த வளையங்கள் விழும். அடிப்பக்கம் அழகாக வரும், பின்னால் முடிச்சுப் போடவும் இடம் கிடைக்கும்.

உண்மையான பின்னல் நாலாம் அடுக்கில்தான். நாடா வலமிருந்து இடமாகப் போகும்போது, மூன்றாம் அடுக்கு இழைக்கு மேலே, முதல் அடுக்கு இழைக்குக் கீழே. ஜோடிக்கு ஜோடி இதே ஒழுங்கு. ஐந்தாறு ஜோடி கோத்தபின் நாடா முழுவதையும் இழுங்கள், பிறகு அடுத்த ஐந்தாறு. இழுக்கும் கையை உயர்த்தாமல் இருக்கை மட்டத்திலேயே இழுக்க வேண்டும். உயர்த்தினால் நாடா முறுக்கிக்கொள்ளும். இரண்டாம் அடுக்கு இழைக்கு எந்தப் பக்கம் முதல் வரியைப் போட்டீர்களோ, கடைசி வரிவரை அந்தப் பக்கமே. ஒவ்வொரு வரி முடிந்ததும் கீழிருந்து தண்ணீர் தெளித்து, இரண்டு முளைகளின் நுனியால் ஜோடிகளை நெருக்கி, சதுரங்களைச் சீர்ப்படுத்துங்கள். தண்ணீர் கீழிருந்துதான், மேல்தோல் ஈரத்தை வாங்காது.

நாலாம் அடுக்கு முடிந்தபின் கொஞ்சம் எட்ட நின்று பாருங்கள். எங்காவது ஒரு ஜோடி பின்னப்படாமல் நழுவியிருந்தால் இப்போது அவிழ்ப்பது அரை மணி நேர வேலை. குறுக்கு இழை போட்ட பிறகு கண்டுபிடித்தால் ஒரு நாள்.

ஐந்தாம் அடுக்கு ஒரு மூலைத் துளையிலிருந்து எதிர்மூலைக்கு. ஒரு திசை ஜோடிகளுக்கு மேலே, மறுதிசை ஜோடிகளுக்குக் கீழே என்று போகும். எது மேல், எது கீழ் என்பது நீங்கள் நாலாம் அடுக்கை எப்படிப் பின்னினீர்கள் என்பதைப் பொறுத்தது. மனப்பாடம் செய்ய வேண்டாம், கையே சொல்லும். சரியான முறையில் நாடா சதுரத்தின் மூலைக்குள் சறுக்கி உட்கார்ந்து, இழுத்தால் சத்தமில்லாமல் ஓடும். தவறான முறையில் ஜோடியின் இடுக்கில் மாட்டி, கரகரவென்று அறுக்கும், நார் எழும்பும். முதல் பத்து அங்குலத்திலேயே இது தெரிந்துவிடும், உடனே மாற்றிப் போடுங்கள். ஆறாம் அடுக்கு எதிர் மூலைவிட்டம். ஐந்தில் மேலே போனவற்றுக்கு இதில் கீழே, கீழே போனவற்றுக்கு மேலே.

மூலைத் துளையில் ஒரே திசையில் இரண்டு குறுக்கு இழை இறங்கும், மீன் தலைபோல. பக்கச் சட்டம் சரிந்திருப்பதால் சில துளையில் இரண்டு குறுக்கு இழை வரும், சில துளை காலியாகும். அது தப்பில்லை, கோடு நேராக ஓடுவதுதான் முக்கியம். ஆனால் இடப்பக்கம் இரட்டித்த துளையை வலப்பக்கமும் இரட்டிக்க வேண்டும். எண்கோணக் கண்கள் வரிசை வரிசையாகத் திறந்தால் வேலை சரி.

கோப்பிக் கடையில் கிடக்கும் வட்ட இருக்கைக்கும் இதே வரிசைதான். அங்கே மூலை கிடையாது. முன், பின், இடம், வலம் நாலு நடுத்துளைகளைக் குறித்துக்கொண்டு தொடங்குங்கள், வளைவு கூடும் இடங்களில் இழை இணையாக நிற்கத் துளையைத் தாண்டிப் போங்கள். துளை அதிகம் தாண்டுவது வட்டத்தில் சகஜம்.

நாடா தீரும்போது நுனியை அடியில் பக்கத்து வளையத்துக்குள் இரண்டு சுற்று நுழைத்து, நனைத்து, இழுத்து, ஒன்றரை அங்குலம் விட்டு வெட்டுங்கள். காய்ந்தபின் இறுகிவிடும். இருக்கையின் நடுவில் நாடாவோடு நாடாவை முடிச்சுப் போட்டு நீட்டுவது கூடவே கூடாது.

ஏழாவது ஓரம். அகல நாடாவைத் துளைகளின் மேல் சுற்றிலும் படுக்கவைத்து, மெல்லிய நாடாவை ஒரு துளையில் மேலே ஏற்றி, அகல நாடாவைத் தாண்டி, அதே துளையில் இறக்குங்கள். ஒரு துளை விட்டு ஒரு துளை கட்டினால் போதும். துளை அடைத்திருந்தால் குத்தூசியால் மெல்ல அகலப்படுத்தலாம். குத்தூசியின் நுனி மழுங்கியிருக்கட்டும், கூரானது உள்ளே இருக்கும் இழையைக் கிழிக்கும்.

முதல் இருக்கைக்குப் பத்திலிருந்து பதினைந்து மணி நேரம் ஆகும். ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. நிறுத்துவதானால் ஓர் அடுக்கை முடித்துவிட்டு நிறுத்துங்கள், மறுநாள் நனைத்துத் தொடரலாம்.

காயவிடுவதும் காப்பதும்

எழும்பிய நார்களை, இருக்கை இன்னும் ஈரமாக இருக்கும்போது கேஸ் லைட்டர் சுடரால் வேகமாகத் தடவிப் பொசுக்குங்கள். நின்றால் கருகும். பிறகு நிழலில், காற்றாடிக்குக் கீழே இரண்டு நாள். வெயிலில் வைத்தால் மேல்தோல் அடியைவிட முந்திக் காய்ந்து வெடிக்கும். மழைக் காலத்தில் மூடிய அறையில் விட்டால் மூன்றாம் நாளே பூஞ்சை பூக்கும். காடியில் தண்ணீர் கலந்து துடைத்துக் காற்றில் வையுங்கள். காயும்வரை யாரும் உட்காரக்கூடாது. ஈர நாடா உட்கார்ந்த குழியோடு காய்ந்துவிடும். நன்றாகக் காய்ந்த இருக்கையை விரலால் தட்டினால் பறைத்தோல்போலச் சத்தம் வரும்.

வார்னிஷ் பூசலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். சட்டத்துக்குப் பூசுங்கள். பின்னலின் அடிப்பக்கத்துக்கு வேண்டாம், பிரம்பு ஈரத்தை வாங்குவது அந்த வழியாகத்தான். ஏர்கோன் அறையில் போட்ட நாற்காலி சீக்கிரம் மொறமொறத்துப் போகும். நாற்காலியைக் கவிழ்த்து, ஈரத்துணியை அடியில் அரை மணி நேரம் பரப்பி எடுத்து, ஓர் இரவு காயவிட்டால் தொய்வும் நீங்கும், முறிவும் குறையும். நாலைந்து வருஷம் தொய்ந்த இருக்கைக்கும் இதை முதலில் செய்து பாருங்கள், புதிதாகப் பின்ன வேண்டிய அவசியமே இல்லாமல் போகலாம்.

வேலை முடிந்ததும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எடை மிஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழியுங்கள். 1.7 வராது. கடைந்த தேக்குக் காலும் தடித்த குறுக்குக் கட்டையும் உள்ள நாற்காலி அதைப் போல இரண்டு மூன்று பங்கு நிறுக்கும். ஆனால் பிளைவுட்டை எடுத்த பிறகு எவ்வளவு இறங்கியது என்று தெரியும்.

பரந்த எடையைப் பின்னல் தாங்கும், குவிந்த எடையைத் தாங்காது. உட்காரும்போது உடம்பின் பாரம் நூற்றுக்கணக்கான இழைகளுக்குப் பிரியும். முழங்காலை ஊன்றினாலோ, குதிகாலோடு ஏறி நின்றாலோ அதே பாரம் நாலைந்து கண்ணில் இறங்கும். மாவிலைத் தோரணம் கட்ட ஏறுவதற்கு அந்தப் பழைய பிளைவுட் நாற்காலி ஒன்றை மட்டும் பின்னாமல் விட்டுவையுங்கள்.